புள்ளிமான் அப்பாவைத் தேடித்தான் வருகிறதா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டுமே. அப்பா துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு திருகோணமலைக் கோட்டைப் பக்கத்தில் ஒரு சின்னத் தேநீர்க்கடை போட்டிருக்கிறார். காது கிழிந்த பெண் புள்ளிமான் ஒன்று விடியற்காலையில் கடை திறக்கும் நேரம் பார்த்து வந்து நிற்கிறது, அவர் கையிலிருந்து பாண் வாங்கித் தின்கிறது. அவர் அதற்கு வள்ளி என்று பெயர் வைத்து, வீட்டு ஆட்களிடம் சொல்லாத கதையெல்லாம் அதனிடம் சொல்கிறார். இப்போது அது குட்டியோடு வருகிறது. குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்தால் நாயிடமிருந்தும் வாகனங்களிடமிருந்தும் தப்பும் என்கிறார் அப்பா. கொழும்பிலிருந்து லீவில் வந்து இதையெல்லாம் பார்த்த நீங்கள் கேட்பது மூன்று: மானுக்கு உண்மையிலேயே அப்பா மேல் பாசம் இருக்கிறதா, குட்டியை வளர்க்கலாமா, கழுத்தில் ஒரு மணி கட்டிவிட்டால் ஓட்டோக்காரர்கள் கவனிப்பார்களா.

அவரை அடையாளம் தெரிந்துதான் அது வருகிறது. குட்டியைத் தூக்கக் கூடாது. பாணை நிறுத்த வேண்டும், ஆனால் அப்பா நிறுத்த மாட்டார் என்று எனக்குத் தெரியும், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். மணி பற்றிக் கடைசியில்.

நான் கால்நடை வைத்தியப் பக்கம் வேலை செய்தவன். தொழில் மாடும் ஆடும்தான், மான் அதற்கு வெளியே வந்து ஒட்டிக்கொண்ட விருப்பம். இந்த ஊரில் வேலை செய்தால் அது ஒட்டாமல் இருக்காது. இலங்கையில் மான் பார்க்க வேண்டுமென்றால் மற்றவர்கள் யாலவுக்கும் வில்பத்துவுக்கும் ஜீப் பிடித்துப் போகிறார்கள், நமக்குக் கோணேசர் கோயிலுக்கு நடந்து போகும் வழியிலேயே ஆலமர நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டு கிடக்கிறது, சாயங்காலமானால் கடற்கரைக்கு வருகிறது, சில நாள் பஸ் நிலையம் வரைக்கும் வந்து மனிதரைப் போலவே வரிசையில் நிற்கிறது. ஊருக்குப் புதிதாக வருபவர் வாயைப் பிளப்பார், நாங்கள் மோட்டார் சைக்கிளை ஒரு பக்கமாக ஒடித்துக்கொண்டு போய்விடுவோம்.

இது ஏன் இங்கே மட்டும் நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். கோட்டை இருப்பது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குறுகிய நிலத்தில். 1624இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கட்டிய கோட்டை, பிறகு ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் ஆங்கிலேயர் பிடித்து, பிறகு பிரெட்ரிக் கோட்டை என்று பெயரும் வைத்தார்கள். எல்லாக் காலத்திலும் அது படை இருந்த இடம், இன்றைக்கும் இராணுவம் உள்ளேதான் இருக்கிறது. அதாவது துவக்குக்காரன் நுழைந்து வேட்டையாட முடியாது, வீடு கட்டி நிலத்தை அடைக்க முடியாது, மரங்கள் தப்பி நிற்கின்றன. சிறுத்தையும் கிடையாது. புள்ளிமானுக்குக் காட்டில் பெரிய எதிரி சிறுத்தைதான், அது இல்லாத ஒரு துண்டு நிலத்தில், மனிதர் கூட்டமாக வந்து போனாலும் கையால் தொடாத ஒரு இடத்தில், தலைமுறை தலைமுறையாகக் குட்டி போட்டால் என்ன ஆகும்? மனிதரைக் கண்டு ஓடுவது வீண் உழைப்பு என்று அந்த மான் கூட்டம் படித்துக்கொள்ளும். இது பழக்கம், வளர்ப்பு இல்லை. மாட்டையும் ஆட்டையும் போலப் பல ஆயிரம் ஆண்டாக நம்மோடு இருந்து, சாந்தமானதைத் தெரிந்தெடுத்து இனப்பெருக்கி, இரத்தத்திலேயே மாறிப்போன மிருகம் இல்லை மான். மான் குடும்பத்திலேயே அப்படி முழுக்க வளர்ப்பு மிருகமானது வடதுருவப் பக்கத்துப் பனிமான் ஒன்றுதான். வள்ளி எவ்வளவு பழகினாலும் உள்ளே இருப்பது காட்டு மானின் நரம்புதான், அதை அப்பா மறக்கக் கூடாது.

சரி, பாசத்துக்கு வருவோம். அசைபோடும் மிருகங்களை முட்டாள் என்று நினைப்பவர்கள் அவற்றோடு வேலை செய்யாதவர்கள். செம்மறி ஆடுகளை வைத்து இங்கிலாந்தில் செய்த ஆய்வு ஒன்று 2001இல் வெளிவந்தது, 50 ஆடுகளின் முகங்களை ஒரு ஆடு 2 ஆண்டுக்கு மேல் நினைவில் வைத்திருந்ததை அதில் காட்டினார்கள். 2017இல் கேம்பிரிட்ஜில் இன்னொன்று: படத்தில் மட்டும் காட்டிய மனித முகங்களை ஆடுகள் பழகிக்கொண்டு பிறகு தெரிந்தெடுத்தன, தங்களைப் பராமரிப்பவரின் முகத்தை அப்படிப் பழக்காமலேயே கண்டுபிடித்தன. மான் ஆட்டுக்குத் தூரத்துச் சொந்தம்தான் என்றாலும், கூட்டமாக வாழ்ந்து, யார் ஆபத்து யார் ஆபத்தில்லை என்று பார்த்துப் பிழைக்கும் மிருகத்துக்கு முகமும் குரலும் வாசனையும் கணக்கில் இல்லாமல் இருக்காது. அதனால் கடை வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது வள்ளி அப்பாவிடம் மட்டும் நடந்து வருவது உங்கள் கற்பனை இல்லை.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்பா கடையைத் திறந்ததும் முதல் வேலையாகத் தெருநாய்களைக் கல்லெடுத்து விரட்டுவார் என்று. எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. சிறுத்தை இல்லாத ஊரில் மான்குட்டிக்குச் சிறுத்தை என்றால் அது நாய்தான். கட்டாக்காலி நாய்கள் நாலைந்து சேர்ந்தால் குட்டியைக் கடலுக்குள் விரட்டியும் கொல்லும். அந்த நாய்கள் அண்டாத ஒரு பத்து யார் இடம், தினமும் ஒரே நேரத்தில், ஒரே மனிதரின் குரலோடு அதற்குக் கிடைக்கிறது. குட்டி ஈன்ற தாய் அப்படிப்பட்ட இடத்தைத் தேடிப் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். காடுகளில் இதே மான்கள் சாம்பல் நிற மந்திகள் இருக்கும் மரத்தடியில் மேயும், மந்தி உதிர்க்கும் இலையும் காயும் தின்னக் கிடைக்கும், சிறுத்தை வந்தால் மந்தி மேலிருந்து முதலில் கத்தும். மான் அந்த மந்தியை நேசிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் மந்தி இருக்கும் இடத்தில் அது தலையைக் குனிந்து நிம்மதியாக மேய்கிறது. அப்பா அந்த மந்தியின் இடத்தில் இருக்கிறார் என்று சொன்னால் கோபப்படாதீர்கள், ஒரு மான் தலையைக் குனிந்து மேய்வதை விடப் பெரிய நம்பிக்கையை அது யாருக்கும் காட்டுவதில்லை. பாணுக்காகத்தான் வருகிறது என்று உங்கள் தம்பி சொல்வது பாதிதான் சரி. பாண் கொடுக்கும் கைகள் கோட்டை வாசலில் ஐம்பது இருக்கின்றன.

இதை அப்பாவிடம் சொல்லுங்கள். பாண் இல்லாவிட்டால் வராது என்ற பயத்தில்தான் பாதிப் பேர் பாண் கொடுக்கிறார்கள்.

அந்தப் பாணைப் பற்றி. மானின் வயிற்றில் முதல் அறை ஒரு பெரிய புளிக்கும் பானை, அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து இலையையும் புல்லையும் மெதுவாக உடைத்துக் கொடுக்கின்றன. அவற்றுக்குப் பழக்கமானது நார். பாண், சோறு, இடியப்பம், பிஸ்கற், கேக் எல்லாம் மாச்சத்தும் சீனியும், உள்ளே போனதும் சட்டென்று புளித்து அமிலம் எகிறுகிறது, நார் உடைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகின்றன, வயிற்றுச் சுவர் வெந்துபோகிறது, கூடிப்போனால் அமிலம் இரத்தத்தில் ஏறி மிருகம் படுத்துவிடும். கல்யாண வீட்டுச் சோற்றுத் தொட்டியில் வாய்வைத்த மாடு அடுத்த நாள் வயிறு ஊதிச் சாவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தினம் ஒரு துண்டு பாணுக்கு வயிறு ஓரளவு பழகிக்கொள்ளும், அதனால்தான் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றும். ஆபத்து நீண்ட விடுமுறையில், சிவராத்திரியில், சுற்றுலா பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும் நாளில். கையிலிருந்து வாங்கித் தின்னப் பழகிய மான் அன்றைக்கு எல்லாக் கையிலும் வாங்கும். அப்பா கொடுத்த துண்டு பாணால் அது சாகாது, அப்பா பழக்கிய பழக்கத்தால் சாகலாம்.

பொலித்தீன் இதைவிட மோசம். சொப்பிங் பேக்கில் சோற்று மணமும் உப்பும் ஒட்டியிருந்தால் மான் பையோடு சேர்த்து விழுங்கும். அது செரிக்காது, அடுத்த அறைக்கும் போகாது, அந்த வாசல் மென்று கூழான உணவை மட்டும்தான் விடும். அதனால் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, முறுக்கிக்கொண்டு, கயிற்றுப் பந்து மாதிரிக் கிடக்கும். வயிறு நிறைந்த உணர்விலேயே மிருகம் பட்டினியால் மெலிந்து போகும். செத்த மாடுகளின் வயிற்றைத் திறந்து அந்தப் பந்தைக் கையால் வெளியே இழுத்திருக்கிறேன், அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போக நாளெடுக்கும். இந்த ஊரில் மான்களும் அப்படிச் செத்திருக்கின்றன. 2017இல் நாட்டில் சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட்டைத் தடைசெய்தார்கள், குப்பையில் பொலித்தீன் குறைந்ததா என்று கோட்டை வாசலில் நின்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் நாரா என்று ஒரு ஊர் இருக்கிறது, நம்முடைய கதைக்கு அண்ணன். அங்கேயும் கோயில், அங்கேயும் ஊருக்குள் ஆயிரத்துக்கு மேல் மான், தெய்வத்தின் தூதர் என்ற மரியாதை, 1957இல் அரசு இயற்கைச் சின்னமாகவே அறிவித்தது. வருகிறவர்கள் எதையும் கொடுத்துவிடக் கூடாது என்று தவிட்டிலும் மாவிலும் சீனி இல்லாமல் செய்த ஒரு தட்டை விற்கிறார்கள், அதை மட்டும்தான் கொடுக்கலாம். இவ்வளவு ஒழுங்கு பார்க்கும் ஊரிலேயே 2019இல் செத்த மான்களை அறுத்துப் பார்த்தபோது ஒன்றின் வயிற்றில் 4 கிலோவுக்கு மேல் பிளாஸ்டிக் இருந்தது. தட்டையை நீட்டி நீட்டி ஏமாற்றுகிறவர்களை மான் முட்டுவதும் கடிப்பதும் அங்கே வழக்கமான செய்தி. ஆண் மான்களின் கொம்பை 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஆண்டுதோறும் சடங்காகவே வெட்டிவிடுகிறார்கள், யாரையும் குத்திவிடக் கூடாது என்று. தூரத்து உதாரணம் வேண்டாமென்றால் புத்தல கதிர்காமம் வீதிக்குப் போங்கள், பழம் கொடுத்துப் பழக்கிய யானை இப்போது வாகனத்தை மறித்துக் கேட்கிறது. கொடுத்தவர்கள் எல்லாரும் பக்தியிலும் அன்பிலும் கொடுத்தவர்கள்தான்.

இப்போது குட்டி. அப்பா வாதாடப்போகும் முதல் வாதம் எனக்குத் தெரியும். வள்ளியே மான் வயிற்றில் பிறந்தவள்தானே, வேடர் தலைவன் எடுத்து வளர்க்கவில்லையா என்பார். பெயர் வைக்கும்போதே சாட்சியைத் தயார்செய்து வைத்திருக்கிறார் மனிதர். அவருக்குச் சடபரதர் கதையை ஞாபகப்படுத்துங்கள். ஆட்சியை விட்டுக் காட்டுக்குப் போன அரசன், சிங்கத்தின் கர்ச்சனைக்குப் பயந்து ஆற்றைத் தாண்டிய மான் வயிற்றிலிருந்து குட்டி தண்ணீரில் விழுந்ததைப் பார்த்து எடுத்து வளர்த்து, தவத்தை மறந்து, சாகும்போதும் அந்தக் குட்டியையே நினைத்துச் செத்து, மறுபிறப்பில் மானாகவே பிறந்தார். பற்று வைக்காதே என்று சொல்லத்தான் பெரியவர்கள் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அதில் படுவது வேறு: பரதர் எடுத்த குட்டியின் தாய் அவர் கண் முன்னால் செத்துப்போனது. அப்பா கண் வைத்திருக்கும் குட்டியின் தாய் உயிரோடு பக்கத்திலேயே நிற்கிறது.

பிறந்த புதிதில் மான்குட்டி தாயின் பின்னாலேயே திரியாது. தாய் அதை ஒரு புதரிலோ மதில் ஓரத்துப் புல்லிலோ படுக்கவைத்துவிட்டு மேயப் போகும், இடையிடையே வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். குட்டி அசையாமல் கிடக்கும், வாசனையும் அவ்வளவு வராது, அதுதான் அதன் பாதுகாப்பு. இதைத் தெரியாதவர்கள் ‘ஐயோ, தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது’ என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தூக்கி வருகிறவர்கள் வில்லன்கள் இல்லை, நல்ல மனசுக்காரர்கள்தான், அதுதான் கஷ்டம். தனியாகப் படுத்திருக்கும் குட்டியைக் கண்டால் விலகி நின்று, நாயை மட்டும் விரட்டிவிட்டு, மாலை வரைக்கும் விட்டுப் பாருங்கள். தாய் வரும். நீங்கள் பக்கத்திலேயே நின்றால்தான் வராது.

வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்கிறேன். முதலில் பால். மான்பாலில் கொழுப்பும் புரதமும் பசுப்பாலைவிட மிகவும் கூட. பசுப்பாலோ மாப்பாலோ கரைத்துக் கொடுத்தால் வயிற்றோட்டம், தப்பினால் மெலிந்த எலும்பு. இதைத் தாண்டி வளர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். பெண் குட்டியென்றால், எல்லா மனிதரும் அப்பா என்று நினைத்து எல்லாரிடமும் போகும், பாண் வைத்திருக்கும் கைக்கும் கத்தி வைத்திருக்கும் கைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. மான் இறைச்சிக்கு ஆசைப்படுகிறவர்கள் இந்த நாட்டில் குறைவில்லை. ஆண் குட்டியென்றால் கதை இன்னும் மோசம், இதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பால்போத்தலில் வளர்ந்த ஆண் மான் மனிதரைப் பயப்பட வேண்டிய மிருகமாகப் பார்ப்பதில்லை, தன் இனத்தில் ஒருவராகப் பார்க்கிறது. ஒரு வயதை ஒட்டிக் கொம்பு வரத் தொடங்கும். கொம்பின் மேல் மயிர் மூடிய மெல்லிய தோல் இருக்கும் வரைக்கும் சாது. அந்தத் தோல் உரிந்து, கொம்பு எலும்பாக இறுகி, உடம்பில் இனப்பெருக்கச் சுரப்பு ஏறியதும், தன் இனத்து ஆண்களோடு மோதிப்பார்க்க வேண்டும் என்று அதன் உடம்பு சொல்லும். முற்றத்தில் இருக்கும் ஆண் யார்? அப்பாதான். பயம் இருக்கும் காட்டு ஆண் மான் உங்களைக் கண்டால் விலகிப்போகும், கையால் வளர்த்தது குத்த வரும். மிருகக்காட்சிசாலைக்காரர்களுக்கும் மான் பண்ணைக்காரர்களுக்கும் இது அரிச்சுவடி. சிறுத்தையைவிட, சொந்தக் கையால் வளர்த்த கொம்பனுக்குத்தான் அவர்கள் பயப்படுவார்கள்.

சட்டம் தனி. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 2009இல் திருத்தப்பட்டு இன்னும் இறுக்கமானது. புள்ளிமானை அனுமதியில்லாமல் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம், காப்பாற்றத்தான் வைத்தேன் என்பது பதிலாகாது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் வயதான காலத்தில் அப்பா நீதிமன்ற வாசலில் நிற்பதை யாரும் விரும்ப மாட்டீர்கள்.

அப்படியென்றால் அப்பா என்னதான் செய்வது? நிறையச் செய்யலாம், அவர் ஏற்கெனவே பாதி செய்துகொண்டிருக்கிறார். நாய் விரட்டுவதைத் தொடரட்டும். கடைக் குப்பைக்கு மூடி போட்ட வாளி, அதுவும் மான் மூக்கால் தள்ளித் திறக்க முடியாத மூடி, மேலே ஒரு கல் வைத்தாலும் போதும். வாடிக்கையாளர் வடை வாங்கிப் போகும் பையை அங்கேயே போட்டுவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளட்டும், கடைக்காரர் சொன்னால் கேட்பார்கள், அறிவிப்புப் பலகை சொன்னால் கேட்க மாட்டார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், வைகாசியிலிருந்து ஆவணி வரை, இந்த ஊர்ப் புல் எரிந்துபோகும், அப்போது தாழ்வான ஒரு சிமெந்துத் தொட்டியில் நல்ல தண்ணீர், தினமும் மாற்றி, வெயில் படாத இடத்தில் வைக்கலாம். மழைக்காலத்தில் அதுவும் தேவையில்லை, வைத்தால் நுளம்புதான் பெருகும். காற்றுக்கு முறிந்து விழுந்த ஆலங்கொப்பு கிடந்தால் வீதியிலிருந்து இழுத்து மரத்தடியில் போடட்டும், அது அவர் தீனி கொடுத்ததாகாது, மரம் கொடுத்ததாகும்.

பாணை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் அப்பா கேட்க மாட்டார். கையிலிருந்து கொடுப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம். பிறகு துண்டைச் சின்னதாக்கட்டும், பிறகு இடைவெளி விடட்டும். குட்டிக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே எதுவும் கூடாது. குட்டி தாயைப் பார்த்துத்தான் படிக்கும், கையிலிருந்து வாங்கும் பாடத்தை அது படிக்காமல் போனால் அதைவிடப் பெரிய உதவி அதற்கு இல்லை. தொடுவதும் தடவுவதும் வேண்டாம். உண்ணி ஏறும், காதுக்குள் உண்ணி போய் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் நம் பக்கத்தில் சாதாரணம். கடித்தாலோ கொம்பு கீறினாலோ, புண் உள்ள கையை நக்கினாலோ, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய் கடித்த மானுக்கும் விசர் வரும், அது முகத்தில் எழுதியிருக்காது.

கடைக்கு வரும் சின்னப் பிள்ளைகளை ஆண் மான்களின் பக்கம் விடாதீர்கள். நம் நாட்டு வெப்பத்தில் புள்ளிமானுக்கு ஒரே பருவம் என்று இறுக்கமாக இல்லை, ஒன்று கொம்பை உதிர்த்திருக்கும்போது இன்னொன்று இறுகிய கொம்போடு நிற்கும், ஆகவே ஆண்டு முழுக்கக் கவனம் வேண்டும். காதைப் பின்னுக்கு மடக்கி, தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டாக விறைத்து நடந்தால் அது செல்லம் கொஞ்சவில்லை, எச்சரிக்கிறது. முன்னங்காலால் தரையை உதைப்பதும் வாலைத் தூக்குவதும் அப்படித்தான். சில ஆண்கள் பின்னங்காலில் எழுந்து நின்று கிளையில் முகத்தை உரசும், கண்ணுக்குக் கீழே உள்ள சுரப்பியின் வாசனையை அங்கே விட்டுவைக்க. பார்க்க அழகு, படம் எடுக்கக் கூட்டம் கூடும், தூர நின்று எடுக்கட்டும்.

ஒருநாள் வள்ளியோ குட்டியோ அடிபட்டுக் கிடந்தால் என்ன செய்வது என்றும் தெரிந்துவைத்திருங்கள், அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. துரத்திப் பிடிக்காதீர்கள். மான் துரத்தப்பட்டு, பிடிபட்டு, கட்டப்பட்டு நின்றால் பயத்திலும் திமிறலிலும் தசைகளே சிதையத் தொடங்கும், அந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து, காயம் சின்னதாக இருந்தாலும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ இதயமோ சிறுநீரகமோ நின்றுபோகும். வெளியில் ஒன்றும் தெரியாமல் நன்றாக நின்ற மான் மறுநாள் ஏன் செத்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஆட்களை விலக்குங்கள், சத்தத்தைக் குறையுங்கள், எழும்ப முடியாமல் கிடந்தால் ஒரு சாரத்தைக் கண் மேல் மெதுவாகப் போடுங்கள், இருட்டானால் அதன் பதற்றம் அடங்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர எண் 1992, அதற்கு அழைத்து இடத்தையும், எழும்புகிறதா இல்லையா என்பதையும், குட்டி கூட இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

அப்பாவின் மனசைப் பற்றி ஒன்று. அவர் மானிடம் பேசுவதை விட்டுவிடச் சொல்லி நீங்கள் யாரும் கேலி செய்யாதீர்கள். மானுக்கு அவர் குரல் அடையாளம், அதனால் அதற்குப் பயன் இருக்கிறது, அவருக்கு உள்ள பயனை நான் சொல்லத் தேவையில்லை. கோணேசர் கையிலேயே மான்மறி இருக்கிறது. தாருகாவனத்து முனிவர்கள் ஏவிவிட்ட மானை எம்பெருமான் கையில் பிடித்துக்கொண்டார் என்பது கதை. அப்பா சிவபக்தர் என்று எழுதியிருந்தீர்கள், மானைக் கையில் வைத்திருக்கும் உரிமை எம்பெருமானுக்கு மட்டும்தான் என்று சொல்லிப் பாருங்கள், சட்டத்தைவிட அது கேட்கும்.

கடைசியாக மணி. கட்டாதீர்கள், பளபளக்கும் பட்டியும் வேண்டாம். கட்டுவதற்கு முதலில் பிடிக்க வேண்டும், பிடித்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன். கட்டிவிட்டாலும் கம்பி வேலியிலோ முறிந்த கொப்பிலோ கயிறு மாட்டினால் அங்கேயே தொங்கும். காதை வைத்துப் பிழைக்கும் மிருகம் அது, இரவெல்லாம் தன் கழுத்துச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தால் நாய் வரும் சத்தம் எப்படிக் கேட்கும்? நாய்க்கு மட்டும் மான் எங்கே படுத்திருக்கிறது என்று நன்றாகக் கேட்கும். ஓட்டோக்காரர்களை நிறுத்த மணி தேவையில்லை, கோட்டை வாசலில் ஓட்டோ நிறுத்தும் தம்பிமார் எல்லாரும் அப்பாவின் கடையில்தானே தேநீர் குடிக்கிறார்கள், விடியற்காலையிலும் பொழுதுபடும்போதும் அந்த வளைவில் மெதுவாகப் போகச் சொல்லி அவரையே கேட்கச் சொல்லுங்கள்.